லூர்தம்மாள் வீட்டு டெக்

வீட்டில் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வைத்துக்கொண்டு, ஒரு நாடகத்தைக்கூட முழுதாகப் பார்த்து ரசிக்காத பெண் திண்டுக்கல்லில் உண்டு என்றால் அது மேட்டுப்பட்டி லூர்தம்மாள்தான். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கள் வீட்டில் அப்போது டிவி கிடையாது. வெள்ளிக்கிழமைப் பாட்டையும் செவ்வாய்க்கிழமை நாடகத்தையும் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துதான் பார்ப்பேன். ஓசியில் பார்த்தவள் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். குறை டிவியைப் பற்றி அல்ல.

அவள் புருஷன் அந்தோணிமுத்து சார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். மகள் சகாயராணி கைக்குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் ஒன்றரை மாதம் இருப்பார். அதில் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போய்விடும். எண்பத்தேழில் வந்தபோது டிவியும் டெக்கும் கொண்டுவந்தார். கொடைக்கானல் மலையில் டவர் வைத்து, மெட்ராஸ் நிகழ்ச்சிகள் எங்கள் ஊருக்குத் தெரிய ஆரம்பித்திருந்த நேரம் அது. வாடகைக் காரிலிருந்து அந்த அட்டைப்பெட்டிகளை இறக்கியதைத் தெருவே நின்று பார்த்தது. "பொண்டாட்டிக்கு என்னமா செய்யுறான் பாரு" என்று பேசிக்கொண்டார்கள். லூர்தம்மாளுக்கும் அன்றைக்கு வாயெல்லாம் பல்.

பெட்டி வந்தது பொண்டாட்டிக்காக இல்லை என்பது அவர் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்புதான் தெரிந்தது. அவளை டெக்குக்கு முன்னால் உட்காரவைத்து, எந்தப் பொத்தானை எதோடு சேர்த்து அமுக்கினால் ரெக்கார்டு ஆகும், விளம்பரம் வந்தால் எதை அமுக்கி நிறுத்த வேண்டும் என்று பாடம் எடுத்தார். பாட்டு, நாடகம், ஞாயிற்றுக்கிழமைப் படம் எல்லாவற்றையும் அவள் கேசட்டில் எடுக்க வேண்டும். சார்ஜாவுக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே அவர் ரூமில் இன்னொரு டெக் இருக்கிறது. லீவு நாளில் போட்டுப் பார்ப்பார்.

"அங்க ஊரு ஞாபகம் வந்தா நான் என்ன செய்யுறது லூர்து? நீ எடுத்து அனுப்புனாத்தான் உண்டு" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். ஊர் ஞாபகம் வரவர மனுஷன் சீக்கிரம் வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு. இன்னும் இரண்டு வருஷம் போதும், அப்புறம் இங்கேயே ஒரு கடை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே ஒரு நாள் சொல்லியும் இருக்கிறார். நாம் அனுப்புகிற கேசட் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்துவிடும் என்று அவள் நம்பினாள். அவள் சொன்னபோது எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிவி பார்ப்பது என்பது பரீட்சை எழுதுவதுபோல ஆகிவிட்டது. டெக்கில் டைமர் இருந்தது. நேரத்தை வைத்துவிட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும் என்று அந்தோணிமுத்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு நிகழ்ச்சி சொன்ன நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்ததாகச் சரித்திரம் இல்லை. நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பலகையைக் காட்டுவார்கள். ஒரு நிமிஷம் கரண்டு போய் வந்தால் டெக்கின் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பன்னிரண்டு மணி என்று மினுக்கிக்கொண்டிருக்கும். அதனால் அவளே டெக்குக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு விரல் எப்போதும் பொத்தான் மேல் இருக்கும். அவள் மாமியார் சவரியம்மாள் கட்டிலில் இருப்பாள். நாங்கள் தரையில் இருப்போம். எங்களுக்குக் கதை தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கண் கதையைப் பார்க்காது, எப்போது விளம்பரம் வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் குழாயடியில் என்னிடம் கேட்பாள்.

"நேத்து அந்தப் பிள்ள எதுக்கு டீச்சர் அப்பிடி அழுதுச்சு?"

"ஒன் கண்ணு முன்னாலதானடி அழுதா?"

"நான் சோப்பு விளம்பரம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

எதிர்வீட்டில் மிக்ஸி போட்டால் படத்தில் கோடுகோடாக விழும். தெருவில் மொபெட் போனால் விழும். மொபெட்காரனை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மிக்ஸிக்காரர்களை அவள் விடவில்லை. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் வீடுவீடாகப் போய், "செத்த நேரம் மிக்ஸி போடாம இருங்கக்கா" என்று கெஞ்சிவிட்டு வருவாள். "ஒம் புருசன் நாடகம் பாக்கணும்னு எங்க வீட்டுல சட்னி அரைக்கக் கூடாதா?" என்று எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டேவிட்டாள். கேட்டவளும் ஏழு மணிக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவாள், அது வேறு விஷயம்.

ஆடி மாதத்தில் எங்கள் ஊர்க் காற்று சும்மா விடாது. மாடியில் ஆன்டெனா கொடைக்கானலைப் பார்க்காமல் நத்தம் பக்கம் திரும்பிக்கொள்ளும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லூர்தம்மாள் மேலே ஏறிக் கம்பத்தைப் பிடித்துத் திருகுவாள். கீழே வாசலில் நின்று சகாயராணி கத்துவாள், "வந்திருச்சும்மா, வந்திருச்சு, போயிருச்சும்மா" என்று. பாட்டு முடிகிறவரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு. அன்றைக்கு நாங்கள் கீழே பாட்டுப் பார்த்தோம். அவள் மேலே வானம் பார்த்தாள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமைதான் என் மனதை உறுத்தியது. செவ்வாய் சாயங்காலம் கோயிலில் அந்தோணியார் நவநாள் ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தவறவிட்டதில்லை. புருஷன் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், வந்து இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய வேண்டுதல். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் ஆயிற்றே. நவநாள் நடக்கும் அதே நேரத்தில்தான் நாடகமும் வந்தது. மாமியார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், "எனக்கும் சேத்து ஒரு மெழுகுதிரி பொருத்திருங்க அத்த" என்று சொல்லி அனுப்பிவிட்டு இவள் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். புருஷன் வர வேண்டும் என்று கேட்கிற நேரத்தைப் புருஷனே பிடுங்கிக்கொண்டார்.

அந்தோணிமுத்து கடிதம் எழுதுகிறவர் இல்லை. பேசி அனுப்புவார். டேப் ரெக்கார்டரில் வைத்துக் கேட்கிற சின்னக் கேசட்டில் அரை மணி நேரம் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் அப்போது அதுதான் பழக்கம். கேசட் வந்தால் குடும்பமே கூடி உட்காரும். எனக்கும் கேட்கும், நடுவில் ஒரு சுவர்தானே. முதலில் அம்மாவின் மூட்டுவலியை விசாரிப்பார். அடுத்து, "சகாயராணி நல்லா படிக்கிறியா" என்பார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு லூர்தம்மாளிடம் வருவார்.

"லூர்து, போன கேசட்டுல ரெண்டாவது பாட்டுல பாதியக் காணோம். என்ன பண்ணிக்கிட்டு இருந்த? நாடகத்துல விளம்பரத்த வெட்டுறேன்னு அந்தாளு பேசுறதையும் சேத்து வெட்டிருக்க. ரூம்ல அம்புட்டுப் பேரும் என்னயக் கேலி பண்ணுறாங்க. கொஞ்சம் கவனமா எடுக்கணும்ல. படத்துக்குக் கீழ கோடு ஓடுது. டெக்கோட ஹெட்ட அப்பப்பத் தொடைக்கச் சொன்னேன்ல?"

இப்படியே போகும். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தமும், ஒரு நாடகத்தின் இசையும் கேட்கும். இவள் எடுத்து அனுப்பியதைப் பார்த்துக்கொண்டேதான் இவளைத் திட்டியிருக்கிறார். "அது நான் எடுத்ததுதான் டீச்சர், மொத வாரம்" என்று அந்த இசையைக் கேட்டு ஒரு தடவை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அவளை அடிக்கலாமா அழலாமா என்று வந்தது.

எண்பத்தொன்பது மே மாதம் சகாயராணிக்குப் புதுநன்மை. கத்தோலிக்க வீடுகளில் குழந்தை முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் என்றால் சின்னக் கல்யாணம் மாதிரி. வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, வீட்டில் பிரியாணி. அந்தோணிமுத்துவுக்கு லீவு முறையும் அந்த மாதம்தான். கட்டாயம் வருகிறேன் என்று போன கேசட்டிலேயே சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லிவைத்துவிட்டது. "டீச்சர், எங்கப்பா என் கையப் பிடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு" என்று என்னிடமும் வந்து சொன்னாள். வந்துபோகிற ஒன்றரை மாதத்தை விட்டால், அப்பா என்றால் அவளுக்கு ஒரு போட்டோவும் ஒரு குரலும்தான்.

அந்த வருஷம் தை மாதவாக்கில் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தது. பதின்மூன்று வாரம். ஒரு லாரி முதலாளி காணாமல் போய்விடுகிறார், அவருடைய மருமகன்கள் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் விழுகிறது. யார் செய்தது என்பது கடைசி வாரத்தில்தான் தெரியும். எங்கள் தெருவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சார்ஜாவிலும் அதே பைத்தியம் என்று கேசட் சொன்னது. "அடுத்த நாலு வாரத்தையும் சீக்கிரம் அனுப்பு, எந்த மருமகன்னு ரூம்ல பந்தயம் ஓடுது" என்று.

ஈஸ்டருக்கு முன்னால் கிதர் முகம்மது லீவில் வந்தான். பேகம்பூர்க்காரன், அந்தோணிமுத்துவின் ரூம் ஆள். கலியாணமாகி ஆறு மாதத்தில் போனவன், ஒரு வருஷம்கூடத் தாங்காமல் கம்பெனியோடு சண்டை போட்டு லீவு வாங்கி வந்திருந்தான். திரும்பிப் போகும்போது கேசட்டுகளை வாங்கிப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தான். காப்பி கொடுத்துவிட்டு லூர்தம்மாள் நின்றாள். நானும் இருந்தேன்.

"அவுக எப்பிடிப்பா இருக்காக? ஊரு நெனப்பாவே இருக்காகளா?" என்று கேட்டாள்.

கிதர் முகம்மது சிரித்தான். வஞ்சகம் இல்லாத பையன், மனதில் இருந்ததை அப்படியே சொன்னான்.

"அண்ணனுக்கு என்னக்கா கொறை? ரூமுக்குள்ளயே ஊரு இருக்கே. எனக்குத்தான் ஒரு நா இருக்க முடியல. நான் மொகத்தத் தொங்கப்போட்டா அண்ணன் திட்டுவாரு. 'ஊருல போயி என்னத்தடா பாக்கப்போற? அதான் எல்லாம் மாசாமாசம் இங்கயே வந்திருதுல்ல'ன்னு. நீங்க அனுப்புறதப் போட்டாத்தான் அண்ணனுக்கு அன்னைக்குச் சோறே எறங்கும்."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் டெக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இழுத்து வருவதற்கு என்று அவள் முறுக்கிய கயிறு, அவரை அங்கேயே கட்டிப்போட்டிருந்தது. இவள் எவ்வளவு நன்றாக எடுக்கிறாளோ அவ்வளவுக்கு அவருக்கு ஊர் தேவையில்லாமல் போனது. அதை அவளும் புரிந்துகொண்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"டீச்சர், கடைசி வாரத்த நான் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

"எடுக்க மாட்டியா?"

"எடுப்பேன். நல்லா எடுப்பேன். எடுத்து பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிருவேன். யாரு செஞ்சதுன்னு தெரியணும்னா வந்து பாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளுடைய புதுநன்மைக்கே வராமல் போனால் நாடகத்துக்காக மட்டும் வருவாரா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. வருவார் என்று அவள் நினைத்ததில் இருந்த அவமானம் அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தன்னையும் மகளையும்விட அந்த லாரி முதலாளிக்கு மதிப்பு அதிகம் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒப்புக்கொண்டு, அதையே தூண்டிலில் மாட்டினாள்.

மற்ற வாரங்கள் எல்லாம் கிதர் முகம்மது கையிலும், அடுத்து கிளம்பிய ஒருவர் கையிலும் போய்ச் சேர்ந்தன. கடைசி வாரத்தை அவள் எடுத்ததுபோல அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு நிகழ்ச்சியை எடுத்ததில்லை. டெக்கின் ஹெட்டைத் துடைத்தாள். புதுக் கேசட் போட்டாள். மிக்ஸிக்காரர்கள் வாயடைத்துப் போகிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அன்றைக்குக் கரண்டு போகவில்லை, காற்று அடிக்கவில்லை. விளம்பரங்களை நறுக்குத் தெறித்தாற்போல வெட்டினாள். முடிந்ததும் கேசட்டை எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோயிலிலிருந்து வந்த சவரியம்மாள், "கேசட்ட நாளைக்குப் போறவன்ட்ட குடுக்கலையா?" என்று கேட்டாள்.

"கேசட்டு இங்கதான் இருக்கும்னு சொல்லி அனுப்பிருக்கேன் அத்த. உங்க மகன் வந்து பாக்கட்டும்."

மாமியார் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். அன்றைக்குக் கட்டிலில் போய் உட்கார்ந்து, "ஆமா, அதுவும் சரிதான்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் மகன்தானே.

பிறகு காத்திருந்தார்கள். சகாயராணிக்கு வெள்ளை கவுன் தைத்து வந்துவிட்டது. அவர் சட்டை அளவு தெரியாமல் ஒரு புதுச் சட்டையும் எடுத்துவைத்தார்கள். புதுநன்மைக்குச் சில நாட்கள் முன்னால் ஒருவர் வந்து வாசலில் நின்றார். கையில் பெட்டி இல்லை. ஒரு சின்னக் கேசட் இருந்தது.

மாமியார், மருமகள், பேத்தி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எந்தத் தேதியில் வருகிறார் என்று சொல்லுவார் என எல்லாரும் நினைத்தோம். அந்தோணிமுத்துவின் குரல் அன்றைக்கு நல்ல உற்சாகமாக இருந்தது.

"லூர்து, நீ கடைசி வாரத்த அனுப்பாட்டி என்ன? எரியோட்டுக்காரன் ஒருத்தன் வீட்டுல இருந்து வந்திருச்சு. அவன் சம்சாரம் எடுத்தது. படம் கண்ணாடி கணக்கா இருக்கு. ஒரு கோடு இல்ல. கத்துக்கடி அவகிட்ட. சின்ன மருமகன்தான் செஞ்சதுன்னு நான் அப்பவே சொன்னேன், பந்தயத்துல ஜெயிச்சுட்டேன்ல."

அப்புறம் அதே மூச்சில், இந்தத் தடவை லீவு எடுக்கவில்லை, சீசன் நேரம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். புதுநன்மைக்கு ஒரு வீடியோக்காரரைப் பிடித்து, காலையிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் எடுத்து அனுப்பச் சொன்னார். "ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

சகாயராணி எழுந்து உள்ளே போய்விட்டாள். லூர்தம்மாள் அழவில்லை. நான்தான் அழுதேன், கோபத்தில். அடுத்த தெருவில் ஒரு ஆண்பிள்ளை குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பான். ஊரே அவனைத் திட்டும். அந்தோணிமுத்து கை ஓங்கியதே இல்லை. அவரை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீடியோவுக்குப் பொன்னழகு என்பவரைப் பிடித்தார்கள். பெரிய விளக்கும் தோளில் கேமராவுமாகக் காலையிலேயே வந்துவிட்டார். பிள்ளைக்குப் பூமுடி வைப்பதை முதலில் எடுக்க வேண்டும் என்றார். லூர்தம்மாள், "அத்த, நீங்க வைங்க" என்று மாமியாரை முன்னால் தள்ளினாள். கோயிலில் தாயோ தகப்பனோ கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். அங்கேயும் சவரியம்மாள்தான் மூட்டுவலியோடு நொண்டிக்கொண்டே பேத்தியைப் பீடத்துக்குக் கூட்டிப்போனாள். தாய்க்காரி தூணுக்குப் பின்னால் நின்றாள். வீட்டில் கேக் வெட்டும்போது அடுப்படியில் இருந்தாள். பிரியாணி தேக்சாவை எடுக்க வேண்டும் என்று பொன்னழகு விளக்கோடு அடுப்படிக்குள் வந்தார். இவள் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள், தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

"இங்க வந்து என்ன செய்யுற? பிள்ள அங்க தேடுது."

"செத்த நேரம் டீச்சர். அவரு எடுத்துட்டுப் போகட்டும்."

"காலையில இருந்து பாக்குறேன், கேமரா வந்தா நீ ஓடுற. என்ன வேண்டுதல் இது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒரு எடத்துலயும் வரல டீச்சர். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாப்பாகல்ல. பெத்தவளக் காணோமேன்னு தேடுறாகளா, என்னன்னு ஒரு வார்த்த கேக்குறாகளான்னு பாப்போம். கேட்டா எனக்கு அது போதும். வராட்டியும் பரவால்ல."

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அடுத்த வீட்டு அடுப்படியில் ஒளிந்து நின்ற அவளைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மகளுடைய புதுநன்மையை அவளும்தான் பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் என்ன தெரிந்திருக்கும்?

கேசட் தயாராகி வந்ததும் வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் ஓடியது. சாமியார், பாட்டி, சொந்தக்காரர்கள், எதிர்வீட்டுக்காரி, பந்தியில் இரண்டாவது தடவை கறி கேட்ட ஆள் வரை எல்லாரும் இருந்தார்கள். நான் மூன்று இடத்தில் வருகிறேன். பாதி ஓடுவதற்குள்ளேயே சவரியம்மாள் திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"என்னத்தா இது, ஒன்னய ஒரு எடத்துலகூடக் காணோம்?"

"வேலையா இருந்தேன் அத்த."

"நல்ல வேலை பாத்த. பிள்ளையப் பெத்தவ இல்லாம என்ன படம்?"

கேசட் சார்ஜாவுக்குப் போனது. அன்றிலிருந்து அவள் டெக்கைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை நாடகம் அதுபாட்டுக்கு ஓடியது. நாங்கள் பார்த்தோம். முதல்முறையாக அவளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். கதை எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு பதில் கேசட் வந்தது. கொண்டுவந்தவர் கிளம்பும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. டேப் ரெக்கார்டரில் போட்டுவிட்டு என்னை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சவரியம்மாள் கட்டிலில் இருந்தாள். சகாயராணி விளையாடப் போயிருந்தாள்.

மூட்டுவலி விசாரிப்பு முடிந்தது. மகளின் படிப்பு முடிந்தது. தொண்டையைச் செருமினார். லூர்தம்மாள் டேப்புக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"லூர்து, புதுநன்மை கேசட்டு வந்திச்சு. ரூம்ல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுனேன். ரெண்டு தடவ பாத்தாச்சு. இந்தத் தடவ ஒன்னயக் கொறையே சொல்ல முடியாது. அந்த வீடியோக்காரரு சோலியத் தெரிஞ்சவரு. பாப்பாவுக்கு முடி வச்சதுல இருந்து பந்தி வரைக்கும் அம்புட்டும் இருக்கு. ஒண்ணும் விட்டுப்போகல."

சவரியம்மாள் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். இறங்குவது அவளுக்குச் சுலபமான காரியம் இல்லை. மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அமுக்கி நிறுத்தினாள்.

"அவன் கெடக்கான். நீ எந்திரிச்சு வந்து சாப்புடு" என்றாள்.

"போடுங்க அத்த. இன்னும் முடியல. கடைசியில கேப்பாக."

திரும்பப் போட்டார்கள். நவநாள் நடக்கிற நாளில் புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், முதல் வாரத்திலிருந்து எடுத்து வை என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். லூர்தம்மாள் எழுந்திருக்கவில்லை. மறுபக்கத்தையும் திருப்பிப் போட்டுக் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டாள். அதில் ஒன்றும் இல்லை.